நிறைகோல் பிடித்த கை

ஆசிரியப் பணியில் இருபது ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருக்கும் எம்மிடம், "இத்தனை ஆண்டுகளில் தாங்கள் மாணவர்க்குக் கற்பித்தது யாது?" என்று எவரேனும் வினவினால் தயங்காது விடை கூறிவிடுவோம். "மாணவர் தங்களுக்குக் கற்பித்தது யாது?" என்று வினவினால், ஒரேயொரு விடைத்தாளைத்தான் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும். தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று துறைத்தலைவர் பணித்தபோது, வழக்கம்போல் சீறாப்புராணத்து உவமைநயம் குறித்தோ, சங்க இலக்கியத்துக் கடற்காட்சிகள் குறித்தோ எழுதவே எண்ணியிருந்தோம். ஆயினும், நெடுநாள் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கும் அவ்விடைத்தாளைப் பற்றி எழுதுவதே மாணவர்க்கும் உடன் பணியாற்றுவோர்க்கும் பயன்தரும் எனத் துணிந்தோம். குற்றம் எம்முடையது. ஆதலால் கூசாது கூறலாம்.

ஒரு விடைத்தாள்

யாம் பணியில் சேர்ந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்த காலம். இளங்கலைத் தமிழ் முதலாண்டு வகுப்புக்கு அகமதிப்பீட்டுத் தேர்வு நடத்தினோம். "நெய்தல் திணையின் முதல், கரு, உரிப் பொருள்களை விளக்குக" என்பது பத்து மதிப்பெண் வினா. ஆண்டுதோறும் கேட்கப்படும் வினா. ஆண்டுதோறும் எழுதப்படும் விடை. மணலும் கடலும், நாரையும் தாழையும், இரங்கலும் எற்பாடும் என நிரல்பட எழுதியிருந்தால் எட்டு மதிப்பெண். எழுத்து அழகாக இருந்தால் ஒன்பது.

பாம்பன் பகுதியிலிருந்து வந்த மாணவி ஒருவர் எழுதிய விடை அவ்வாறு இல்லை. அவருடைய தாயார் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய ஆழமற்ற கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுப்பவர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று அவற்றின் பெயர்களைக் கருப்பொருளில் சேர்த்திருந்தார் அம்மாணவி. வாடை, கொண்டல் என்று நூல்கள் கூறும் காற்றுகளோடு, கரையில் வழங்கும் கச்சானையும் சோழகத்தையும் குறித்திருந்தார். எற்பாடு என்னும் சிறுபொழுதுக்கு வந்தபோது துணிந்து வேறொன்று எழுதினார். "எங்கள் ஊரில் விசைப்படகுகள் காலையில் போய் மறுநாள் விடியலில் கரைக்கு வரும். விடிந்தும் ஒரு படகு வராவிட்டால் அப்போதுதான் பெண்கள் கரையில் நின்று அழுவார்கள். ஆகையால் இரங்கலுக்கு உரிய பொழுது எங்கள் கரையில் காலைதான்" என்பது அவர் எழுதியதன் சாரம். படகு திரும்பாமற்போவதற்குக் காற்று மட்டுமே காரணமன்று, எல்லை கடந்ததாகச் சிறைப்பிடிக்கப்படுவதும் காரணம் என்பதை இக்கரையோர் அறிவர். அவர் அழுகை என்று எழுதியது ஏட்டுச்சொல் அன்று.

யாம் "காலை" என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, "மாலை" என்று மேலே எழுதினோம். பத்துக்கு மூன்று வழங்கினோம்.

மறுநாள் அவர் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றார். "ஐயா, இதுல எது தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கிடுவேன்" என்றார். "விடைக்குறிப்பில் உள்ளது இதில் இல்லையம்மா" என்று கூறி அனுப்பிவிட்டோம். அவரும் திருத்திக்கொண்டார். அடுத்த தேர்வில் வழிகாட்டி நூலில் உள்ளதை ஒரு சொல்லும் பிசகாமல் எழுதினார். எட்டு மதிப்பெண் பெற்றார்.

சில திங்கள் கழித்து வேறொரு வகுப்புக்காக உரைநூல்களைப் புரட்டியபோதுதான் எம் பிழை எமக்குத் தெரிந்தது. எற்பாடு என்பதற்கு எல் படும் நேரம், அதாவது கதிரவன் சாயும் பொழுது என்று ஒருசாராரும், கதிரவன் தோன்றும் காலை என்று மற்றொரு சாராரும் பொருள் கொண்டுள்ளனர். முதுகலையில் யாமும் படித்த செய்திதான். விடைக்குறிப்பின் நிழலில் மறந்துபோனோம். கற்றறிந்தோர் வாதிட்ட ஒரு சிக்கலுக்குப் பதினெட்டு வயது மாணவி தம் கரையைச் சான்றாக வைத்து ஒரு தரப்பை நிலைநாட்டியிருக்கிறார். அதற்கு யாம் வழங்கியது மூன்று. அதனை மறந்து ஒப்புவித்தமைக்கு வழங்கியது எட்டு. அந்த மூன்றைவிட இந்த எட்டே எம்மை மிகுதியும் வருத்தியது.

நன்னூலார் வகுத்த நிரல்

ஆசிரியர், மாணவர் இலக்கணத்தை எமக்கு முன்னரே ஒருவர் தெளிவாக வகுத்து வைத்துள்ளார். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் உவமையாக்கினார். ஆசிரியராகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு ஆகியவற்றைக் கூறினார். இவ்வுவமைகளுள் பனையும் தெங்கும் எம் மாவட்டத்துக்காரர்க்கு விளக்கம் வேண்டாதவை. மட்டை கழிக்காத பனையில் எவரும் ஏற இயலாது; பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. ஓரிடத்தில் நீர் குடித்து வேறிடத்தில் காய் உதிர்க்கும் முடத்தெங்கோ, வளர்த்தவனுக்கு உதவாது. அறை வாயிலில் நின்ற மாணவியை ஒரே தொடரில் அனுப்பிய அன்று யாம் மட்டை கழிக்காத பனையாகவே இருந்தோம்.

மாணவர்க்குக் கூறிய நிரல் இன்னும் கூர்மையானது. அன்னமும் ஆவும் முதல் வரிசை. மண்ணும் கிளியும் இடை வரிசை. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை வரிசை. நீரை நீக்கிப் பாலைக் கொள்ளும் அன்னமும், மேய்ந்ததை ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர். கற்பித்ததை மட்டுமே திருப்பிச் சொல்லும் கிளிக்கு அவர் அளித்த இடம் இடைப்பட்டதே. நம் தேர்வுமுறையோ கிளியைத் தலைவரிசைக்கு ஏற்றியது. அசைபோட்ட ஆவைக் கடைவரிசைக்குத் தள்ளியது. பவணந்தியாரின் நூலைப் பாடமாக வைத்துக்கொண்டு, அவர் வகுத்த நிரலைத் தலைகீழாக்கி மதிப்பெண் வழங்கிவருகிறோம் என்பது அன்றுதான் எமக்கு உறைத்தது.

நன்னூலார் மற்றுமொரு கணக்குக் கூறுகிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் புலமையில் காற்பங்குதான் கைவரும். உடன் பயில்வாரோடு கலந்து பயில்வதால் மேலும் காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. இக்காலத்தார் கருத்தரங்கு, குழுக் கற்றல் என்று பெயரிட்டு அழைப்பனவற்றின் கரு இதில் அடங்கியுள்ளது. முழுவதையும் காற்பங்குக்கே செலவிட்டுவிட்டு, முக்காற்பங்கு ஏன் வரவில்லை என்று மாணவரைக் கடிந்துகொள்கிறோம்.

உரிமை வந்த வரலாறு

இது எம் ஒருவரது சிக்கல் அன்று என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் என்னும் இருவர் 1912, 1913ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு செய்தனர். ஒரே வடிவக்கணித விடைத்தாளின் படிகளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பி மதிப்பிடச் செய்தனர். நூற்றுக்கு 28 வழங்கியவரும் இருந்தார். 92 வழங்கியவரும் இருந்தார். கணிதத்துக்கே இந்நிலை எனில் இலக்கியத்துக்குக் கேட்பானேன்?

நம் நாட்டில் 1948-49இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒரேயொரு சீர்திருத்தம் மட்டுமே பரிந்துரைக்க வேண்டுமெனில் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்னும் கருத்தை வெளியிட்டது. 1964-66இல் பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழு, சிறந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கவும் அகமதிப்பீட்டை வளர்க்கவும் வழிகாட்டியது.

தமிழகத்தில் இக்கருத்துகளுக்கு உயிரூட்டியவருள் முதன்மையானவர் மால்கம் ஆதிசேசையா. 1910இல் வேலூரில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்து, யுனெசுகோ நிறுவனத்தில் துணைத் தலைமை இயக்குநர் நிலைவரை உயர்ந்தவர். அவ்வளவு உயர்ந்தபின் தாயகம் திரும்பி, 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றியபோது, கல்லூரிகளின் தன்னாட்சிக்காக உழைத்தார். மேல்நிலைக் கல்வியை ஆராய்ந்த தேசியக் குழுவுக்கு 1978இல் அவரே தலைவர். செய்யக் கற்றல் என்பதே அக்குழு அறிக்கையின் தலைப்பின் பொருள். அதே 1978இல் சென்னை இலயோலாக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியன தன்னாட்சி பெற்றன. கற்பிப்பவரே பாடம் வகுக்கவும், அவரே வினா எழுப்பவும், அவரே மதிப்பிடவும் உரிய வாயில் திறந்தது. ஆதிசேசையா 1994இல் மறைந்தார். அவர் முன்னின்று திறந்த வாயில் மூடப்படவில்லை. தன்னாட்சி பெறாத கல்லூரிகளிலும் அகமதிப்பீடு என்ற பெயரில் ஒரு பகுதி மதிப்பெண் ஆசிரியர் கைக்கு வந்து சேர்ந்தது.

இவ்விடத்தில்தான் எம் நாணம் இருமடங்காகிறது. அம்மாணவியின் விடைத்தாள் பல்கலைக்கழகம் நடத்திய புறத்தேர்வுக்கு உரியது அன்று. எம் கையில் இருந்த அகமதிப்பீட்டுக்கு உரியது. வினா எம்முடையது, விடைக்குறிப்பு எம்முடையது, எழுதுகோல் எம்முடையது. அறிஞர்கள் பல்லாண்டு வாதாடிப் பெற்றுத்தந்த உரிமை எம் மேசைவரை வந்து, வழிகாட்டி நூலின் முன் மண்டியிட்டுவிட்டது. சட்டம் நிறைகோலை வழங்கலாம். எதனை எடை என்று ஏற்பது என்பதை அதனைப் பிடித்த கையே முடிவு செய்கிறது.

நிறைகோல் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. திருக்குர்ஆன், அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வானத்தை உயர்த்தியதோடு மீஸான் என்னும் தராசு நிறுவப்பட்டதையும் இணைத்துப் பேசுகிறது. அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரை எச்சரிப்பதற்கென்றே ஓர் அத்தியாயமும் அதில் உண்டு. அதனைக் கேட்கும்போதெல்லாம் கடைத்தெருவில் உள்ளோரையே நினைத்து வந்தோம். அவ்வாண்டு ஒரு நாள் தொழுகையில் இமாம் அதனை ஓதக் கேட்டபோது, முதன்முறையாக எம் கையிலிருந்த சிவப்பு எழுதுகோலை நினைத்தோம்.

நம் கரையின் சான்று

கற்பித்தலும் மதிப்பிடுதலும் எவ்வாறு ஒன்றாகும் என்பதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. இராமேசுவரத்தில் பறவை பறக்கும் முறையைக் கரும்பலகையில் வரைந்து விளக்கிய சிவசுப்பிரமணிய ஐயர், மாணவர்க்கு விளங்கிற்றா என்று வினவினார். விளங்கவில்லை என்று சிறுவர் அப்துல் கலாம் கூறினார். ஆசிரியர் சினக்கவில்லை. வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறக்கும் பறவைகளைக் காட்டிக் கற்பித்தார். இந்நிகழ்ச்சியை மேனாள் குடியரசுத் தலைவர் பலமுறை மேடைகளில் நினைவுகூர்ந்துள்ளார். மக்கள் இதனைச் சிறந்த கற்பித்தலுக்குச் சான்றாகவே கூறுவர். யாம் இதனைச் சிறந்த மதிப்பீட்டுக்குச் சான்றாகவும் கருதுகிறோம். விளங்கவில்லை என்ற விடைக்கு அவ்வாசிரியர் சுழியம் போடவில்லை. அதனைத் தம் கற்பித்தலுக்கு வந்த மதிப்பெண்ணாக ஏற்றுக்கொண்டார்.

கேட்டால் கூறத் துணிந்த மாணவரின் கதை அது. கூறத் துணியாதார் கதை ஸஹீஹுல் புகாரியின் கல்விப் பகுதியில் உள்ளது. இலை உதிராத, முஸ்லிமுக்கு உவமையான மரம் யாது என்று நபிகள் நாயகம் (ஸல்) தோழர்களிடம் வினவினார்கள். பலரும் பாலைவன மரங்களை எண்ணினர். பேரீச்சை என்பது இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்குத் தோன்றியது. பெரியோர் அவையில் கூற நாணி வாய்மூடியிருந்தார்கள். விடை தெரிந்தும் வாய் திறவாத இளையோர் நம் வகுப்புகளில் எத்தனை பேர்! குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் அவர்கள். அவர்களைப் பேசவைக்கத் தெரியாத தேர்வு, அறிவை அளப்பதன்று. துணிச்சலை மட்டும் அளப்பது.

எமது துறையில் செய்தவை

கழிவிரக்கம் மட்டும் போதாதென்று, துறையிலுள்ள ஆசிரியப் பெருமக்களோடு கலந்து சில மாற்றங்களைச் செய்தோம். பெரிய திட்டம் எதுவும் இல்லை. எம் கையிலிருந்த 25 மதிப்பெண்ணுக்குள் நேர்மையாக இருப்பது மட்டுமே நோக்கம்.

முதலாவது, வினாவை மாற்றினோம். முப்பொருளை விளக்குக என்பதற்கு மாற்றாக, எற்பாட்டுக்கு வழங்கும் இருபொருளையும் வினாவிலேயே கொடுத்து, எது பொருந்தும் என்பதைக் காரணங்காட்டி நிறுவுமாறு கேட்டோம். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்து மாணவர்க்குக் கடல் அயலானது. அவர்கள் கண்மாயையும் கருவேலங்காட்டையும் வைத்து, தம் ஊர் எத்திணையில் அடங்கும், எவ்விடத்தில் அடங்க மறுக்கும் என்று எழுதினர்.

இரண்டாவது, விடைக்குறிப்பை முன்னரே வெளியிட்டோம். செய்திக்கு நான்கு, சான்றுக்கு மூன்று, காரணத்துக்கு மூன்று எனப் பிரித்து, தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். எடைக்கற்களை வாங்குவோரும் பார்க்க வேண்டுமல்லவா?

மூன்றாவது, பெயரை மறைத்து இருவர் தனித்தனியே மதிப்பிட்டோம். வேறுபாடு மிகுந்த தாள்களை ஒன்றாக அமர்ந்து படித்தோம். ஆசிரியர்களாகிய யாம் ஒருவரிடம் ஒருவர் மிகுதியாகக் கற்றுக்கொண்டது அவ்வமர்வுகளில்தான்.

நான்காவது, ஒவ்வொரு மாணவரையும் தனியே அழைத்து ஐந்து நிமிடம் கேட்டோம். மக்தபில் ஓதிய காலத்தில் எம் உஸ்தாது ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அமர்த்திப் பாடம் கேட்பார். பிழையை அந்நேரமே திருத்துவார். சரியாக ஓதும்வரை அடுத்த பாடம் இல்லை. அங்கே மனனத்துக்கு உரிய இடம் உண்டு. ஆயினும் ஒவ்வொரு பிள்ளையின் குரலும் கேட்கப்பட்டது. அம்முறையைக் கல்லூரிக்குக் கொண்டுவர எமக்கு இத்தனை ஆண்டு பிடித்தது.

இதற்குச் செலவு உண்டு. அறுபது மாணவருக்கு ஐந்து நிமிடமெனில் ஐந்து மணிநேரம். முதலாண்டில் மதிப்பெண்கள் குறைந்தன. "இது எந்த வழிகாட்டியில இருக்குங்கய்யா?" என்று மாணவர் முறையிட்டனர். பெற்றோர் சிலர் வந்து வருந்தினர். புறத்தேர்வின் 75 மதிப்பெண் பழைய வழியிலேயே இருந்ததால், இரண்டு விதமாகப் படிக்க வேண்டியதாயிற்று என்ற குறையும் நியாயமானதே. இவையனைத்தும் தீர்ந்துவிட்டன என்று கூறமாட்டோம்.

எழுத்து மாறினாற் போதுமா?

இன்றைய வினாத்தாள்களில் ஒவ்வொரு வினாவின் அருகிலும் கே ஒன்று, கே இரண்டு எனக் கே ஆறு வரை குறியீடுகள் காணப்படுகின்றன. பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வெளியிட்டு, 2001இல் பிறரால் திருத்தியமைக்கப்பட்ட அறிவுப்படிநிலைகளைத் தழுவியவை அவை. நினைவுகூர்தலில் தொடங்கிப் படைத்தலில் முடியும் அந்த ஏணி நல்ல ஏணியே. ஆனால் நினைவுகூரும் வினாவுக்கே பகுப்பாய்வு என்ற குறியீட்டை ஒட்டிவிட்டு, கோப்பில் அடுக்கித் தர மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டினால் ஆவது என்ன? கழற்குடத்துக்குப் பொற்பூச்சுப் பூசினாலும் உள்ளே இருப்பவை கழற்சிக்காய்களே.

மேலும், இன்று கைப்பேசியில் இயங்கும் செயற்கை நுண்ணறிவு, முப்பொருள் விளக்கத்தை நொடியில் எழுதித் தருகிறது. மாணவர் அதனைப் படியெடுத்து ஒப்படைக்கின்றனர். சினந்து பயனில்லை. கிளிக்கு முதற்பரிசு வழங்கிப் பழகிய நமக்கு, கிளிகளுக்கெல்லாம் தலையாய கிளி ஒன்று வந்து சேர்ந்துள்ளது, அவ்வளவே. தாயின் கையில் ஒட்டியிருந்த மரிக்கொழுந்துப் பாசியைப் பார்த்து ஒரு பெண் எழுப்பிய வாதத்தை, அவளன்றி வேறெதுவும் முதலில் எழுப்பியிருக்க இயலாது. இனி நாம் எடைபோட வேண்டியது அதனைத்தான்.

ஒரு விண்ணப்பம்

இம்மலரைப் படிக்கும் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு சொல். உங்கள் பொருளாலும் துஆவாலும் எழுந்தவை இக்கல்விக்கூடங்கள். ஆண்டுவிழாவுக்கு வரும்போதெல்லாம் தேர்ச்சி எத்தனை விழுக்காடு என்று வினவுகிறீர்கள், அது முறையே. அதனோடு, இவ்வாண்டு மாணவர் எழுதியவற்றுள் ஆசிரியர்க்கே புதிதாகத் தெரியவந்தது யாது என்றும் ஒருமுறை வினவுங்கள். அவ்வினாவுக்கு விடைதேட வேண்டுமே என்றேனும் யாங்கள் விடைத்தாள்களைக் கூர்ந்து படிப்போம்.

அம்மாணவி மூன்றாமாண்டு முடித்து விடைபெறும் நாளில் அவரை அழைத்தோம். அன்று மூன்று மதிப்பெண் வழங்கியது எம் பிழை என்றும், அவ்விடையை இனி வகுப்பில் எடுத்துக்காட்ட இசைவு வேண்டும் என்றும் கூறினோம். அவர் சற்று நேரம் விழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "நான் அப்படியா ஐயா எழுதியிருந்தேன்? மறந்தே போச்சு" என்றார்.

அவர் நல்ல மதிப்பெண்களோடு தேர்ச்சி பெற்றார். எமக்கு அவ்விடைத்தாள் நினைவிருக்கிறது, அவருக்கு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நெய்தல் திணையைத் தொடங்கும் நாளில் அவ்விடையை வகுப்பில் சொல்லிவருகிறோம். சொல்லி முடித்ததும் பின்வரிசையில் எவரேனும் ஒருவர் தலைநிமிர்ந்து, தம் ஊர்க் கரையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். அவர் பேசி முடிக்கும்வரை எழுதுகோலை மூடியே வைத்திருக்கிறோம். நிறைகோலைக் கையில் தந்த இறைவன், அது கோணாதிருக்கவும் அருள்வானாக.